குளம் உடைந்த பாட்டு

கன்னிவாடியிலிருந்து மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில் இருக்கிறது ஆவாரங்குளம். பங்குனிப் பொங்கல் சாட்டிவிட்டால் அந்த ஊரில் ஏழு நாளும் சாயங்காலம் முளைப்பாரிக்குக் கும்மி உண்டு. பாட்டெடுத்துக் கொடுப்பவள் சண்முகவள்ளி. அவள் ஒரு வரி பாட, சுற்றி நிற்கிற பெண்கள் கைதட்டி அதே வரியைத் திருப்பிப் பாடுவார்கள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அரை ஏக்கரில் சம்பங்கி போட்டிருக்கிறாள். காலையில் பூவைப் பறித்து மூட்டை கட்டித் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டால், அப்புறம்தான் அவளுக்குச் சாப்பாடு.

அவள் பாடுகிற பாட்டுகளில் ஊருக்கே பிடித்தது குளம் உடைந்த பாட்டு. நாற்பத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம், விடியக் கருக்கலில் ஊர்க் குளத்தின் கரை உடைந்து பதினோரு பேர் செத்துப்போனார்கள். சண்முகவள்ளிக்கு அப்போது ஆறு வயது. அவளுடைய தம்பி மணிமாறன், இரண்டு வயதுக் குழந்தை, அந்தப் பதினோரு பேரில் ஒருவன். பாட்டைக் கட்டியவள் அவளுடைய அம்மா தாயம்மாள். மகனைப் பறிகொடுத்த மறுவருடமே கும்மியில் அதைப் பாடினாளாம். பாட்டில் செத்தவர்களின் பேர் இருக்கும், மிதந்து போன மாடுகளின் நிறம் இருக்கும், எந்தப் புளியமரத்தில் யார் ஏறித் தப்பித்தார்கள் என்பதுகூட இருக்கும். கைதட்டல் வேகமெடுக்கிற இடத்தில் இந்த அடி வரும்:

மடையக் காக்கும் முனியப்பனாம் – குடிச்ச
மயக்கத்துலே தூங்கிப் போனான்
அடைச்ச மடையத் தெறக்கலையே – எங்க
அருமை பெருமை அழிஞ்சதடி

முனியப்பன் அந்தக் காலத்தில் குளத்து மடையைத் திறந்து மூடி, வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிட்டவன். குளம் உடைந்த மறுநாளே ஊரார் அவனை அடித்து விரட்டிவிட்டார்கள். அதற்கு மேல் அவனைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த அடியைப் பாடும்போது மட்டும் பெண்களின் குரலில் ஒரு வேகம் வரும். தட்டுகிற கை சிவந்துபோகும்.

போன வருடப் பங்குனியில் முகமது யாசின் என்கிற பையன் ஊருக்கு ஒரு காதுகுத்து வீடியோ எடுக்க வந்தான். திண்டுக்கல்லில் பேகம்பூர் பக்கம் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருப்பவன். கும்மியைக் கேட்டு நின்றவன், அதையும் முழுதாகப் படம் பிடித்துத் தன் யூடியூப் சேனலில் போட்டான். அது எப்படியோ பரவிவிட்டது. பதினைந்து நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். சண்முகவள்ளியின் கணவன் ஈஸ்வரன் டீக்கடையில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டினான்.

ஆவணி மாதம் யாசினிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, திண்டுக்கல்லுல இருந்து ஒருத்தவங்க ஸ்டூடியோவுக்கே வந்துட்டாங்க. உங்க நம்பர் கேக்குறாங்க. முனியப்பனோட மகளாம்."

"எந்த முனியப்பன்?"

"உங்க பாட்டுல வர்றவருதாம்மா."

 அத்தனை வருடம் பாடியும், முனியப்பனுக்கு ஒரு மகள் இருக்கக்கூடும் என்று சண்முகவள்ளி ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வந்தாள். பேர் நாகரத்தினம். ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நரைத்த தலையை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். சண்டை பிடிக்கத்தான் வருகிறாள் என்று ஈஸ்வரன் வாசலிலேயே நின்றான். அவளோ உள்ளே வந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "பாட்ட முழுசா ஒருக்கா பாடிக் காட்டுறியா தங்கச்சி?" என்றாள்.

"எதுக்குக்கா?"

"பள்ளிக்கூடத்துல காய் நறுக்குற பிள்ளை போன்ல போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நானும் நல்லாருக்கேன்னு தாளம் தட்டிக்கிட்டே அரிசி களைஞ்சேன். எங்கப்பா பேரு வந்துச்சு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. இன்னிக்கி வரைக்கும் மறுபடி கேக்க தெம்பு வரல. உன் வாயால கேட்டுர்றேன்."

சண்முகவள்ளி பாடினாள். கைதட்டாமல், குரலை உயர்த்தாமல், ஒப்பிக்கிற மாதிரி. முனியப்பன் அடி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் நாகரத்தினம் தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தாள்.

"எங்கப்பா குடிச்சதே கிடையாது. அதுகூடப் போகட்டும். மொதல்ல ஒண்ணு பாடுனியே, மூணு நாளுன்னு. அதத் திருப்பிச் சொல்லு."

சண்முகவள்ளி சொன்னாள்.

முழத்தண்ணி கூடக் கேட்டதடி – ஊரு
மூணு நா கல்லைச் சுமந்ததடி

"இது எதச் சொல்லுது?"

"அது குளம் வெட்டுன கதக்கா. அந்தக் காலத்துல ராசா வெட்டுனப்ப ஊரே சேந்து கல்லு சுமந்துச்சாம்."

"யாரு சொன்னா?"

யார் சொன்னது என்று யோசித்துப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நாகரத்தினம் சொன்னாள். "ராசா இல்ல தங்கச்சி. அந்த வருசம் ஐப்பசியில மழை பத்தாது, ரெண்டாம் போகத்துக்குத் தண்ணி வேணும்னு ஊர்க்கூட்டம் போட்டாக. குளம் நெறஞ்சா மிச்சத் தண்ணி வழிஞ்சு ஓட கலிங்கு இருக்குல்ல, அது மேல கல்ல அடுக்கி, களிமண்ணப் பூசி, ஒரு முழம் ஒசத்துனாக. மூணு நாளு. எங்கப்பா வேணாம், கரை தாங்காதுன்னு தெருத் தெருவா போயி கும்புட்டுச் சொன்னாரு. எனக்குப் பத்து வயசு. நானும் அவரு பின்னாடியே போனேன்."

"உங்கப்பா சொன்னத வச்சு…" என்று ஈஸ்வரன் ஆரம்பித்தான்.

"நான் பாத்தத சொல்றேன் தம்பி. குளம் உடைஞ்ச அன்னிக்கு மழையில அவரு ஒத்த ஆளாப் போயி அந்தக் கல்ல இழுத்து இழுத்துப் போட்டாரு. ஒரு கல்லு சரிஞ்சு வலது கையில ரெண்டு வெரலு நசுங்கிப் போச்சு. அந்தக் கையோடதான் வெங்காயப் பேட்டையில மூட்ட தூக்கி எங்கள வளத்தாரு. செத்து முப்பது வருசமாச்சு." எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "நீ பாடக் கூடாதுன்னு சொல்ல வரல. ஒங்கம்மா பிள்ளையப் பறிகொடுத்தவ. எங்க வீட்டுலயும் ஒரு சங்கதி இருக்குன்னு சொல்லத்தான் வந்தேன்."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியும் நிற்கவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கிருந்து சண்முகவள்ளிக்குப் பூப்பறிக்கிற வேலையில் மனம் ஒட்டவில்லை. மொக்கைக் கிள்ளும்போதெல்லாம் அந்த இரண்டு வரியும் வாயில் வந்து நின்றது. குளம் வெட்டின கதையாக இருந்தால், செத்தவர்களைப் பாடுகிற பாட்டில் அதற்கு என்ன வேலை? அம்மா அதை ஏன் முதலிலேயே வைத்தாள்?

ஊரில் அந்தச் சமயத்தில் ஆளாகியிருந்தவர்களில் நாலைந்து பேர்தான் மிச்சம். அவர்களில் தெளிவாகப் பேசக்கூடியவர் சடையாண்டி. அவளுடைய அப்பாவுக்குப் பங்காளி முறை. குளம் உடைந்ததில் அவருடைய பெண்டாட்டி போய்விட்டாள். பிறகு அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒரு காலையில் அவருக்கு இட்லி கொண்டுபோனாள். அவர் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, கலிங்கு மேல கல்லு அடுக்குனீகளா?"

அவர் குழையைக் கட்டி முடித்தார். முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"யாரு சொன்னா?"

"முனியப்பன் மக வந்துச்சு."

"இருக்கா பிள்ளை?" என்றார் அவர். பிறகு ஆட்டின் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டார். "அடுக்குனோம். ஊரே அடுக்குச்சு. நானே நாப்பது அம்பது கல்லு சுமந்திருப்பேன். அவன் காலுல விழாத குறையா சொன்னான். தண்ணி பிரிச்சு விடுற பய நமக்குப் புத்தி சொல்றானேன்னு சிரிச்சோம்."

"அன்னிக்கு மடையத் தெறந்திருந்தா…"

"மடைங்கிறது ஒரு ஆளு நொழையிற ஓட்ட. வந்தது மலைத் தண்ணி. நூறு மடை தெறந்தாலும் பத்தாது. விடியக் கருக்கலுல நான் அவன கலிங்கு மேல பாத்தேன் ஆத்தா. கையில ரத்தம் வடியுது, கல்லப் பேக்குறான். நான் போயி ஒரு கை குடுத்திருக்கலாம். மாட்ட அவுத்து மேட்டுக்கு ஓட்டுறதுல இருந்துட்டேன். செத்த நேரத்துல எல்லாம் போச்சு. மறுநா அவன அடிச்சாக. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

சண்முகவள்ளி கேட்கத் தயங்கிய கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. அதை அவரே புரிந்துகொண்டார்.

"ஒங்கப்பனத்தான கேக்க வர்ற? கூட்டத்துல கல்ல அடுக்கணும்னு மொதல்ல எந்திரிச்சுப் பேசுனது அவன்தான். கடைமடையில அவனுக்கு ஒரு ஏக்கர் இருந்துச்சு. அங்க தண்ணி எட்டாது."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? கூட்டம் முடிஞ்சு வந்தவனுக்குச் சோறு போட்டதே அவதான."

அவள் வீட்டுக்கு வரவில்லை. தோட்டத்துக்குப் போய் வரப்பில் உட்கார்ந்தாள். அப்பா வெள்ளைச்சாமியை நினைத்தாள். அதிகம் பேசாத மனிதர். கும்மி நடக்கிற ஏழு நாளும் ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு ஒட்டன்சத்திரம் பக்கம் போய்விடுவார். அம்மா பாடுவதை அவர் ஒரு தடவைகூட நின்று கேட்டதில்லை. பிள்ளை ஞாபகம் வந்துவிடும் என்று போகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அம்மா என்ன செய்திருக்க முடியும்? குழந்தை செத்தது யாரால் என்று தெரிந்தே, அதே மனிதனுக்கு முப்பது வருடம் சோறு போட்டாள். அவன் பேரைப் பாட்டில் வைக்க அவளால் முடியவில்லை. யார் பேரையாவது வைக்காமலும் இருக்க முடியவில்லை. ஊரில் இல்லாதவன் பேரை வைத்தாள். ஆனால் அந்த இரண்டு வரியையும் எடுத்துவிடாமல் தலைமாட்டிலேயே போட்டு வைத்திருந்தாள். கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. யாரும் கேட்கவில்லை. தானே கேட்கவில்லையே என்று சண்முகவள்ளிக்கு அழுகை வந்தது.

தை மாதம் பூக்கட்டுகிற இடத்தில் கும்மிப் பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அப்பாவின் பேர் உட்பட. கேட்டு முடித்ததும் முதலில் பேசியவள் பஞ்சவர்ணம். குளத்தில் அவள் வீட்டில் மூன்று பேர் போனார்கள்.

"அப்ப எங்க தாத்தனும் ஒங்கப்பனும் சேந்து எங்க அத்தைகளக் கொன்னாகன்னு பாடச் சொல்றியா மதினி?"

"கொன்னாகன்னு இல்ல. தெரியாமத்தான் செஞ்சாக. முனியப்பன் குடிச்சிட்டுத் தூங்குனான்னு பாடுறது பொய்யி. அதச் சொல்றேன்."

"நாப்பத்தஞ்சு வருசமா பாடுன பாட்டு. எங்கிருந்தோ ஒருத்தி வந்து அழுதான்னு மாத்துவியாக்கும்?"

"அவ அழுகல பஞ்சவர்ணம். அழுதிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்."

பேச்சு இழுபறியாகப் போனது. கடைசியில் ஒரு சமாதானம் வந்தது: முனியப்பன் அடியை விட்டுவிடுவது. யார் மேலும் பழி இல்லை, யாருக்கும் மனக்கசப்பு இல்லை. எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. சண்முகவள்ளிக்கும் நெஞ்சில் இருந்த கனம் கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்றைக்கே நாகரத்தினத்துக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இனிமே ஒங்கப்பா பேரே வராது. எடுத்துட்டோம்."

அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துச் சத்தம் கேட்டது. தட்டுகள் விழுகிற சத்தம்.

"பேரே வராதா?" என்றாள் நாகரத்தினம்.

"ஆமாக்கா."

"நல்லது. வச்சுர்றேன்."

அரைமணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "தங்கச்சி, கோவிச்சுக்கிராத. தூங்கிப் போனான்னு பாடுனாலும், அந்தக் குளத்துக்குன்னு எங்கப்பா ஒருத்தரு இருந்தாருன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சுச்சு. அந்தக் கரையில அவரு இருவது வருசம் கெடந்தாரு. எங்க வீடு இருந்த எடம்கூட இப்ப இல்ல. பேரையும் எடுத்துட்டா அவரு அங்க இருந்தாருங்கிறதுக்கு என்னா இருக்கு? பொய்யத்தான் எடுக்கச் சொன்னேன். ஆள எடுக்கச் சொல்லல."

 விட்டுவிடுவது சுலபமாக இருந்தது ஏன் என்று சண்முகவள்ளிக்கு இப்போது புரிந்தது. அந்த அடி போனால் கேள்வியும் போய்விடும். அப்பாவும் தப்பித்துவிடுவார், தானும் தப்பித்துவிடுவாள்.

இந்த வருடம் பங்குனிப் பொங்கலுக்கு நாலாம் நாள் குளத்துப் பாட்டு என்று வைத்தார்கள். நாகரத்தினத்துக்குச் சொல்லியிருந்தாள். வருவாளோ மாட்டாளோ என்று இருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்குக் கோயில் வேம்புக்குப் பக்கத்தில், யாசினின் கேமராவுக்குப் பின்னால், அவள் வந்து நின்றதைப் பார்த்தாள். சடையாண்டியும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கும்மி ஆரம்பித்தது. முழத்தண்ணி வரியைச் சண்முகவள்ளி வழக்கத்தைவிட நிதானமாகப் பாடினாள். செத்தவர்களின் பேர்கள் வந்தன. மணிமாறன் பேர் வந்தது. மாடுகள், புளியமரம் எல்லாம் வந்து போயின. விட்டுவிடுவதாகப் பேசி வைத்திருந்த இடம் வந்ததும், பெண்கள் அடுத்த அடிக்குத் தயாராகக் கையை ஓங்கினார்கள். அவள் எடுத்தாள்:

மடையக் காக்கும் முனியப்பனாம் – நம்ம
வாசலு வாசலா ஓடி வந்தான்

முதல் பாதியைப் பெண்கள் பழக்கத்தில் திருப்பிப் பாடிவிட்டார்கள். இரண்டாம் பாதியில் குரல் சிதறியது. இரண்டொரு பேர் பாடினார்கள். மற்றவர்கள் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார்கள். பஞ்சவர்ணம் கைதட்டுவதை நிறுத்திவிட்டு வட்டத்தை விட்டு வெளியே போனாள். அவளோடு இன்னும் மூன்று பேர் போனார்கள்.

 நிறுத்தினால் இனி எப்போதும் பாட முடியாது என்று சண்முகவள்ளிக்குத் தெரிந்தது. காலைத் தூக்கி வைத்தாள்.

அடைச்ச கல்லை எடுங்கன்னானே – நாம
ஆருமே காதுல வாங்கலையே

 'நாம' என்ற வார்த்தையைக் கையைத் தட்டித்தான் கடந்தாள். மிச்சம் இருந்த ஏழெட்டுப் பேரும் தட்டினார்கள். குரல் வரவில்லை, கை மட்டும் கேட்டது. அவள் அதே அடியை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை ஓரத்தில் நின்ற ஜீவிதா, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள், சத்தமாகத் திருப்பிப் பாடினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுதி கூடவில்லை. ஆனால் பாட்டு முடிந்தது.

கூட்டம் கலைகிறபோது சடையாண்டி அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"ஆத்தா, அடுத்த வருசம் ஏம் பேரையும் போட்டுரு. பாத்துக்கிட்டே நின்னான்னு."

"வேணாம் சித்தப்பா. நாமன்னு பாடியாச்சு. அதுக்குள்ள நீங்களும் இருக்கீக, எங்கப்பாவும் இருக்காரு. பாடுற நானும் இருக்கேன்."

அவர் தலையாட்டினார். பிறகு நாகரத்தினம் நின்ற பக்கம் பார்த்தார். எழுந்து போகத்தான் நினைத்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவளே நடந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஊர் உடனே மாறிவிடவில்லை. பஞ்சவர்ணம் இரண்டு மாதம் பேசவில்லை. வைகாசியில் கூலிக்கு ஆள் கிடைக்காமல் சண்முகவள்ளி தனியாகப் பூப்பறிக்கத் திணறியபோது, ஒரு காலையில் கூடையோடு வந்து பக்கத்து வரிசையில் குனிந்தாள். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யாசின் புதிய பாட்டைத் தன் சேனலில் போட்டு, பழையதை எடுத்துவிட்டான். ஆனால் பழையதை எத்தனையோ பேர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். இன்றைக்கும் மினிபஸ்ஸில் அது ஓடுகிறது. அது காதில் விழுந்தால் சண்முகவள்ளி டிரைவரிடம் போய், "தம்பி, அதுல ஒரு அடி தப்பு" என்று சொல்லி, சரியானதைப் பாடிக் காட்டுகிறாள். சில பேர் கேட்கிறார்கள். சில பேர் சிரித்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறார்கள்.

அதற்கெல்லாம் முன்னால், அந்தப் பாட்டைப் பாடிய மறுநாள் காலை, ராத்திரி ஊரிலேயே தங்கியிருந்த நாகரத்தினத்தைச் சண்முகவள்ளி குளத்துக்குக் கூட்டிப்போனாள். முனியப்பன் வீடு இருந்த இடத்தில் கருவேலம் மண்டிக் கிடந்தது. கலிங்கு மேல் இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"வாசலு வாசலான்னு பாடுன பாத்தியா," என்றாள் நாகரத்தினம். "அது சரியில்ல தங்கச்சி. எங்கள வாசலுக்கு யாரு விட்டா? தெருமுனையில நின்னு கூப்புட்டுத்தான் சொன்னாரு."

சண்முகவள்ளி அந்த வரியைத் தெருமுனைக்கு ஏற்ற மாதிரி எப்படித் திருப்பலாம் என்று முணுமுணுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.